வீட்டுலயே குடும்ப போட்டோ கிளவுட்: பழைய மினி பிசியில இம்மிச் ஓட்டிப் பார்த்த அனுபவம்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். குடும்ப போட்டோ, வீடியோவ சொந்தமா வீட்டுல வச்சுக்கணும்னு நினைக்கிறவங்க இம்மிச் போடலாம், தாராளமா போடலாம். கூகுள் போட்டோஸ் மாதிரியே படத்த சேமிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் அது, ஆனா நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லயே ஓடும். ஆனா ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, அது ஓடுற பெட்டிய நேரடியா இன்டர்நெட்டுக்கு திறந்து விடக்கூடாது. ரெண்டு, வேற ஒரு வீட்டுல பேக்கப் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் கூகுள்ல இருக்கறதுல ஒரு படத்தக்கூட அழிக்கக்கூடாது. இது ரெண்டும் நமக்கு ஒத்துவராதுன்னு தோணுச்சுன்னா மாசக் காசு கட்டிட்டு கூகுள்லயே இருங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, படம் பத்திரமா இருக்கணும், அதான் முக்கியம்.

நாங்க கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல இருக்கோம். வீட்டுல நான், வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைங்க, அம்மா. அண்ணன் குடும்பம் பட்டர்வொர்த்ல. கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன் 1க்கு முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்னு இருந்துச்சு, அதுக்கப்புறம் எல்லாமே அந்த 15 ஜிபிக்குள்ள, ஜிமெயிலும் அதுக்குள்ளதான், டிரைவும் அதுக்குள்ளதான், 2024ல இருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலயே போய் உக்காந்துக்கிச்சு. அம்மா போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வரும், அவங்க உடனே எதையாவது அழிப்பாங்க, அழிக்கிறது பார்த்தா பேரன் முதல்முதலா நடந்த வீடியோவா இருக்கும், காலை வணக்கம் ரோஜாப்பூ படம் மட்டும் அப்படியே இருக்கும். இதுக்கு ஒரு வழி பண்ணணும்னுதான் இந்த வேலையில இறங்கினேன்.

பெட்டிய பத்தி முதல்ல. புதுசா நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) எதுவும் வாங்கல. லோ யாட்ல, அதான் கேஎல்ல இருக்கற கம்ப்யூட்டர் கடை மால்ல, ஆபீஸ்ல இருந்து கழிச்சுவிட்ட மினி பிசி ரீஃபர்ப் பண்ணி விப்பாங்க, நான் எடுத்தது லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, உள்ள இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5 8500டி சிப், ஆறு கோர், 16 ஜிபி ராம். ஒரு சின்ன டிக்‌ஷனரி அளவுதான் இருக்கும். எம்.2 ஸ்லாட் (குச்சி மாதிரி இருக்கற எஸ்எஸ்டி சொருகற இடம்) ஒண்ணு, 2.5 இன்ச் டிரைவ் வைக்க ஒரு இடம், அவ்வளவுதான், அதனால எம்.2ல சிஸ்டமும் டேட்டாபேஸும், 2.5 இன்ச்ல 2 டிபி எஸ்எஸ்டி போட்டு அதுல படங்க. சாதா ஹார்ட் டிஸ்க் போட்டா விலை குறையுமேன்னு கேப்பீங்க, 2.5 இன்ச்ல பெரிய சைஸ் டிஸ்க் தடிமன் ஜாஸ்தி, அந்த இடத்துல நுழையாது, அதுவும் இல்லாம அந்த மாதிரி டிஸ்க்ல பெரும்பாலானது எஸ்எம்ஆர், தடம் மேல தடம் எழுதுற வகை, சின்னச் சின்னதா நிறைய எழுதுற வேலைக்கு ரொம்ப திணறும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இன்டெல் 7ஆம் தலைமுறை மெஷின்ல பெரும்பாலானதுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா கிடையாது, அதனால அந்த மெஷினெல்லாம் இன்னும் மலிவா வருது. லினக்ஸுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா 7க்கு கீழ இறங்காதீங்க. இப்ப போன்ல எடுக்குற எச்டிஆர் வீடியோ பெரும்பாலும் 10 பிட் எச்இவிசிங்கற சுருக்கு முறையில வரும், அத ஹார்ட்வேர்லயே பிரிச்சுப் படிக்க 7ஆம் தலைமுறை சிப்பாவது வேணும், 6ஆம் தலைமுறையில பாவம் சிபியு ஒண்டியா எல்லாத்தையும் இழுக்கணும். கடையில வாங்கும்போது கூட வர்ற அடாப்டர் ஒரிஜினலான்னு பாருங்க, மெஷின போட்டு பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு எதுவும் இல்லன்னு அங்கேயே காட்டச் சொல்லுங்க. ஆபீஸ் மெஷின்ல பாஸ்வேர்டு மாட்டிக்கிட்டு வர்றது நடக்குற விஷயம்தான்.

கரண்ட் பில் பத்தி எல்லாரும் பயப்படுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி மெஷின் சும்மா இருக்கும்போது 10 - 15 வாட்தான் இழுக்கும். 15 வாட்னே வச்சுக்கிட்டு 24 மணி நேரம், 30 நாள்னு கணக்கு போட்டாலும் 11 யூனிட் வராது. ஒரு யூனிட் 45 காசுன்னு போட்டாக்கூட மாசத்துக்கு 5 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்). எங்க ஹால்ல ஓடுற ஃபேன் இதைவிட ஜாஸ்தி சாப்பிடும்.

பெட்டிய எங்க வைக்கிறதுங்கறது நம்ம வீடுகள்ல கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நிறைய வீட்டுல ரவுட்டர் இருக்கறதே சாமி மேடை பக்கத்து கேபினட்லதான். அங்க வைக்காதீங்க. சாம்பிராணி புகை, ஊதுபத்தி சாம்பல், கற்பூரக் கரி, இது எல்லாத்தையும் அந்தச் சின்ன ஃபேன் உள்ள இழுத்து ஹீட்சிங்க்ல ஒரு பிசுக்கா படிய வச்சிரும், சும்மா தூசின்னா ஊதினா போயிடும், இது போகாது. நான் ஒரு நீள லேன் கேபிள் இழுத்து, ரூம்ல துணி அலமாரி பக்கத்துல, தரையில இருந்து கொஞ்சம் ஒசரத்துல வச்சிருக்கேன். அப்புறம் யூபிஎஸ், கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற பேட்டரி பெட்டி. கேஎல்ல சாயங்காலம் இடி மின்னல் வந்தா எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும், கரண்ட் ஒரு செகண்ட் போய் வந்தாக்கூட டேட்டாபேஸ் எழுதிக்கிட்டு இருக்கற நேரமா இருந்தா சிக்கல். ஃபைபர் லைன் கண்ணாடி இழைங்கறதால அது வழியா மின்னல் வராது, ஆனா கரண்ட் லைன் வழியா வரும். ஒரு சாதாரண யூபிஎஸ் போதும், அதுலயே ரவுட்டரையும் சேர்த்து மாட்டிடுங்க.

இப்ப சாஃப்ட்வேர். இம்மிச் 2022ல ஆரம்பிச்சது, அலெக்ஸ் டிரான்ங்கறவரு தன் குடும்ப படங்களுக்காக எழுத ஆரம்பிச்சு, 2024ல ஃபுட்டோங்கற நிறுவனம் அவரையும் டீமையும் சம்பளத்துக்கு எடுத்துக்கிட்டு முழு நேர வேலையா ஆயிடுச்சு. ஓப்பன் சோர்ஸ், அதாவது கோட் எல்லாருக்கும் திறந்தது, ஏஜிபிஎல் லைசென்ஸ். காசு கட்டலைன்னாலும் எல்லா வசதியும் திறந்தேதான் இருக்கும், விருப்பம் இருந்தா கீ வாங்கி ஆதரிக்கலாம், நான் வாங்கினேன், வாங்குறது நியாயம்னு நினைக்கிறேன். 2025 அக்டோபர்ல 2.0 வந்தப்பதான் ஸ்டேபிள்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி அப்டேட் போடுறதுக்கு முன்னால ரிலீஸ் நோட்ஸ் படிக்காம போட்டா ஏதாவது உடையும்ங்கற நிலைமை, இப்ப அந்த பயம் ரொம்பக் குறைஞ்சிருச்சு. ஆனாலும் படிச்சுட்டுப் போடுங்க.

டெபியன் லினக்ஸ் போட்டு, புரோகிராம்கள தனித்தனி கன்டெய்னரா ஓட்டுற டாக்கர் போட்டு, எதெல்லாம் ஓடணும்னு எழுதி இம்மிச் தர்ற கம்போஸ் ஃபைலையும் அந்த சின்ன செட்டிங் ஃபைலையும் எடுத்து, படம் எங்க இருக்கணும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்னன்னு மாத்தி ஓட விட்டா நாலு கன்டெய்னர் எழுந்துக்கும், பிரவுசர்ல 2283 போர்ட்ல பக்கம் வந்துரும். லினக்ஸ் கொஞ்சம் பழகினவங்களுக்கு ஒரு சாயங்கால வேலை. பழகாதவங்க பயப்படாம ஒரு வாரக்கடைசி ஒதுக்குங்க.

கூகுள்ல இருந்து படத்த வெளிய எடுக்கறதுதான் இதுல நிஜமான கஷ்டம். கூகுளோட டேக்அவுட் பக்கத்துல எல்லாத்தையும் குடுன்னு கேட்டா அவங்க ஜிப் ஃபைலா பிரிச்சுப் பிரிச்சு தருவாங்க, 50 ஜிபி சைஸ் தேர்ந்தெடுங்க, 2 ஜிபின்னு விட்டா ஃபைல் எண்ணிக்கை தாங்காது. நிறைய படத்தோட தேதி, இடம், விவரம் எல்லாம் பக்கத்துல தனி ஜேசான் ஃபைல்ல இருக்கும், அப்படியே இழுத்து ஏத்தினா வாட்ஸ்அப்ல வந்த பழைய படமெல்லாம் இன்னிக்கு எடுத்த மாதிரி டைம்லைன்ல மேல வந்து நிக்கும். இதுக்குன்னே இம்மிச்-கோன்னு ஒரு டூல் இருக்கு, ஜிப்ப பிரிக்கக்கூட வேணாம், அதுவே ரெண்டையும் சேர்த்து தேதியோட, ஆல்பத்தோட ஏத்திரும். இந்த ஒரு டூலுக்காக அத எழுதினவருக்கு கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணலாம், அவ்வளவு நல்ல வேலை.

ஏத்தி முடிச்ச பிறகு மெஷின் லேர்னிங் வேலை ஓடும், முகம் கண்டுபிடிக்கறது, படத்துல என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால ராத்திரி முழுக்க ஃபேன் சத்தம் கேக்கும், ஒருதடவை முடிஞ்சா அதுக்கப்புறம் புதுசா வர்ற படத்துக்கு மட்டும்தான். இந்த முகம் பிரிக்கற வேலை எங்க வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சிருச்சு. தைப்பூசத்துக்கு பத்துமலையில என் பையனுக்கு மொட்டை அடிச்சு சந்தனம் பூசின படத்த எல்லாம் தனியா ஒரு ஆளா பிரிச்சு வச்சிருந்துச்சு, முடி இருக்கற பையன் ஒருத்தன், மொட்டை பையன் இன்னொருத்தன். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சு சேர்த்துவிட்டா ஒண்ணாயிடும். அதே சமயம் பாட்டியையும் பாட்டியோட தங்கச்சியையும் ஒரே ஆளுன்னு வச்சிருச்சு, ரெண்டு பேரும் சின்ன வயசுல எடுத்த கருப்பு வெள்ளை படம், எங்களுக்கே சில படத்துல யார் யாருன்னு தெரியல. அம்மாதான் கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்து, "இது சின்னம்மா, பாரு மூக்குத்தி இடது பக்கம், அம்மாவுக்கு வலது பக்கம்"னு சொல்லச் சொல்ல நான் பிரிச்சு பேர் போட்டேன். பழைய ஆல்பத்த ஸ்கேன் பண்ணி ஏத்தினவங்க இந்த வேலைய பெரியவங்க இருக்கும்போதே பண்ணிடுங்க, அவங்கள விட்டா அத சொல்ல ஆள் இல்ல.

தேடுறதும் நல்லா இருக்கு. ஆரம்பத்துல வர்ற தேடல் மாடல் இங்கிலீஷ்க்குத்தான், அட்மின் செட்டிங்ல பன்மொழி மாடலுக்கு மாத்தலாம், என்எல்எல்பி கிளிப்னு பேர் வரும், மாத்தினா எல்லா படத்தையும் திரும்ப ஒரு தடவை அலசும். மாத்தின பிறகு அம்மா தமிழ்லயே கோலம்னு டைப் பண்ணினாங்க, வாசல் கோலமெல்லாம் வந்துச்சு, கூட சில ரங்கோலி, ஒரு பாய் படமும் வந்துச்சு. காவடின்னு போட்டா அவ்வளவு சரியா வரல, கூட்டமா இருக்கற கோயில் படமெல்லாம் கலந்து வருது. குறை சொல்லல, தமிழ்ல தேடி ஏதோ ஒண்ணு வர்றதே பெரிய விஷயம், நல்லாகும்னு நம்புறேன். பெரிய மாடல் ராம் ஜாஸ்தி கேக்கும், 8 ஜிபி மெஷின்ல இத முயற்சி பண்ணாதீங்க.

போன் ஆப் அம்மா கையில எப்படி இருக்குன்னுதான் நான் மார்க் போடுவேன். முதல் நாள் அம்மா கேட்ட கேள்வி, "ஏண்டி, படம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டா என் போன்ல இருக்காதா?" இருக்கும்மா, ரெண்டு இடத்துலயும் இருக்கும், போன்ல நீங்க அழிச்சாலும் பெட்டியில இருக்கும்னு சொல்லி, ஒரு படத்த போன் கேலரில அழிச்சுக் காட்டி, திரும்ப இம்மிச்ல திறந்து காட்டினப்பதான் நம்பினாங்க. ஆனா இங்க ஒண்ணு ஜாக்கிரதை, இம்மிச் ஆப்புக்குள்ள போய் அழிச்சா அது சர்வர்லயும் போயிடும், 30 நாள் குப்பைத்தொட்டியில இருக்கும், அதுக்குள்ள எடுத்துக்கலாம். இத பெரியவங்களுக்கு தனியா சொல்லிக் கொடுத்தே ஆகணும். எந்த ஃபோல்டர் ஏறணும்னு நாமே தேர்ந்தெடுக்கலாம், கேமரா ஃபோல்டர் மட்டும் போட்டுட்டு வாட்ஸ்அப் படத்த விட்டுட்டேன், அந்த காலை வணக்கம் ரோஜாப்பூ எதுவும் இப்ப ஏறறதில்ல. ஆண்ட்ராய்டுல பேட்டரி கட்டுப்பாட்ட அந்த ஆப்புக்கு மட்டும் எடுத்து விட்டா தானா ஏறுது. ஐபோன்ல பின்னணியில எப்ப ஓடலாம்னு ஆப்பிள்தான் முடிவு பண்ணும், அதனால வீட்டுக்காரரு அப்பப்ப ஆப்ப திறந்து வைக்க வேண்டியிருக்கு. இது இம்மிச் குறை இல்ல, ஆனா ஐபோன் குடும்பமா இருந்தா தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

வெளிய இருந்து எப்படி பாக்கறது? இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. ரவுட்டர்ல போர்ட் திறந்து, வெளிய இருந்து பெட்டிக்கு நேரா வர வழி விடுங்கன்னு சொல்ற பழைய வீடியோ ஆயிரம் இருக்கு, கேக்காதீங்க. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் டிஸ்க்க இன்டர்நெட்ல விட்டு வச்சிருந்தவங்க ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா எல்லாம் துடைச்சு எடுத்திருந்துச்சு, 2015ஓட அப்டேட் நின்னுபோன சாமான் அது. 2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர், கியூநாப்ங்கற நாஸ் பெட்டிங்கள இன்டர்நெட்டுக்கு திறந்து விட்டிருந்த வீடுகள்ல எல்லாம் புகுந்து ஃபைல பூட்டிட்டு பிட்காயின் கேட்டுச்சு. அவங்கெல்லாம் நம்மள மாதிரி பிள்ளைங்க படம் வச்சிருந்த சாதாரண ஆளுங்கதான்.

அதுவும் இல்லாம நிறைய வீட்டுல போர்ட் திறக்கவே முடியாது. ரவுட்டரோட செட்டிங் பக்கத்துல வான் ஐபி (ரவுட்டருக்கு இன்டர்நெட் கம்பெனி தர்ற முகவரி) 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநேட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க, ஒரே பொது ஐபிய பல வீடு பங்கு போட்டுக்குது. எங்க லைனும் அப்படித்தான். நான் போட்டது டெயில்ஸ்கேல், நம்ம சாதனங்களுக்குள்ள மட்டும் தனி வழி போடுற விபிஎன், வயர்கார்ட்ங்கற முறை மேல கட்டினது, சிஜிநேட் இருந்தாலும் வேலை செய்யும், குடும்ப அளவுக்கு இலவச பிளானே போதும். பெட்டியில ஒண்ணு, ஒவ்வொரு போன்லயும் ஒண்ணு போட்டா எல்லாம் ஒரே வீட்டு நெட்வொர்க்ல இருக்கற மாதிரி. இம்மிச் ஆப்ல வீட்டு வைஃபை பேர் கொடுத்து வச்சா வீட்டுல இருக்கும்போது நேரா பெட்டிக்கு, வெளிய போனா டெயில்ஸ்கேல் முகவரிக்குன்னு தானா மாறிக்கும், அம்மாவுக்கு எதுவும் தொட வேண்டியதில்ல. கிளவுட்ஃபிளேர் டனலும், அதாவது அந்தக் கம்பெனி சர்வர் வழியா பெட்டிக்கு வர்றதும், நல்ல வழிதான், ஆனா இலவச பிளான்ல ஒரு அப்லோடு 100 எம்பி தாண்டக்கூடாது, போன் வீடியோ ரெண்டு நிமிஷத்துலயே தாண்டிடும்.

பேக்கப். இதுக்கு நேரம் ஒதுக்காதவங்க இத ஆரம்பிக்கவே வேணாம்னு கறாரா சொல்வேன். இம்மிச் ஆளுங்களே இத ஒரே இடமா நம்பாதீங்க, மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியன்னு எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதுற ரெய்டு போட்டுட்டேன்னு சொல்லாதீங்க, தப்பா அழிச்சா ரெய்டுல ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அழியும். எங்க ஏற்பாடு இதுதான்: ராத்திரி 2 மணிக்கு இம்மிச் தானே டேட்டாபேஸ ஒரு ஃபைலா எழுதி வைக்கும், அதுக்கப்புறம் ரெஸ்டிக்ங்கற பேக்கப் டூல் ஓடி படம், டேட்டாபேஸ் ரெண்டையும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கும், அப்புறம் டெயில்ஸ்கேல் வழியா பட்டர்வொர்த்ல அண்ணன் வீட்டுல இருக்கற ஒரு ராஸ்பெரி பைங்கற குட்டி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ரெஸ்டிக் பூட்டி அனுப்புறதால அண்ணனே நினைச்சாலும் திறந்து பாக்க முடியாது, அதுக்காக இல்ல, அந்த டிஸ்க் திருடு போனாலும் பரவாயில்லன்னு. முதல் தடவை மட்டும் நெட்ல அனுப்பாதீங்க, இங்கயே டிஸ்க்ல எடுத்து கையோட கொண்டுபோங்க. நான் அப்படித்தான் தீபாவளிக்குப் போகும்போது முறுக்கு டின் பக்கத்துல வச்சு எடுத்துட்டுப் போனேன், அண்ணி முதல்ல அதையும் பலகாரம்னுதான் நினைச்சாங்க.

எடுத்தா மட்டும் போதாது, திரும்ப எடுத்துப் பாக்கணும். வேற ஒரு மெஷின்ல ரெஸ்டோர் பண்ணி, ஆல்பமும் பேரும் முகமும் சரியா வருதான்னு பாத்தேன், வந்துச்சு. இம்மிச்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமும் இங்கதான் இருக்கு: ஒரிஜினல் ஃபைல அது தொடறதே இல்ல. ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் போட்டு வச்சா வருஷம், மாசம்னு ஃபோல்டர் பிரிச்சு சாதாரண ஃபைலா டிஸ்க்ல கிடக்கும். நாளைக்கு இம்மிச்சே இல்லன்னாலும் டிஸ்க்க எடுத்து வேற கம்ப்யூட்டர்ல சொருகினா படம் படமா இருக்கும். வேகமா காட்டறதுக்காக இம்மிச் தானா பண்ணி வைக்கிற சின்ன படமும் மாத்தின வீடியோவும் சேர்ந்து 10ல இருந்து 20 சதவீதம் கூடுதலா இடம் கேக்கும், டிஸ்க் வாங்கும்போது அதையும் கணக்குல வச்சுக்குங்க.

நெக்ஸ்ட்கிளவுட் ஏன் போடலன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அதுவும் நல்ல சாமான்தான், 2016ல ஓன்கிளவுட்ல இருந்து பிரிஞ்சு வந்தது, ஃபைல், காலண்டர், கான்டாக்ட், வீடியோ கால், ஆபீஸ் டாக்குமென்ட்னு ஒரு கம்பெனியே நடத்தலாம். சின்ன தொழில் பண்றவங்களுக்கு, அஞ்சாறு பேர் ஒரே ஃபோல்டர்ல வேலை செய்யறவங்களுக்கு அதுதான் சரி. ஆனா படம் மட்டும்தான் வேணும்னா அவ்வளவு பெரிய சட்டிய அடுப்புல ஏத்தணுமான்னு யோசிங்க, அப்டேட் போடும்போதும் பெரிய வெர்ஷன் ஒண்ண தாண்டிப் போக முடியாது, ஒவ்வொண்ணா ஏறணும். என் டாக்குமென்ட்டுக்கு சிங்க்திங் போதும், ரெண்டு கம்ப்யூட்டர் நேரா பேசி ஃபைல ஒரே மாதிரி வச்சுக்கும். அதோட அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோட நின்னுபோச்சு, இப்ப அதே கோட எடுத்து மத்தவங்க நடத்துற ஃபோர்க்தான் இருக்கு, கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் எந்தப் பிரச்சனையும் இல்ல.

பெட்டி வச்சு பராமரிக்கவே விருப்பம் இல்ல, ஆனா கூகுளும் வேணாம்னா என்டே பாருங்க, படத்த போன்லயே பூட்டி அனுப்புற சேவை, 2024ல சர்வர் கோடையும் திறந்து விட்டுட்டாங்க.

கடைசியா ஒரு விஷயம் கட்டாயம் செய்யுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்துல பெட்டி எங்க இருக்கு, எந்த டிஸ்க்ல என்ன, ரெஸ்டிக் பாஸ்வேர்டு என்ன, எனக்கு உடம்பு முடியலன்னா யாருக்கு போன் பண்ணணும்னு கையால தமிழ்ல எழுதி பத்திரம் வைக்கிற பீரோவுல வச்சிருக்கேன். ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைஞ்சா பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான், யாராலயும் திறக்க முடியாது. அதே பக்கத்தோட காப்பி அண்ணன்கிட்டயும் இருக்கு. வீட்டுக்காரர அந்த நோட்ட மட்டும் வச்சுக்கிட்டு ஒரு ஆல்பத்த மீட்டுக் காட்டச் சொன்னேன், ரெண்டு இடத்துல நின்னாரு, அந்த ரெண்டு இடத்தையும் திருத்தி எழுதினேன்.

இப்ப ஆரம்பிக்கறவங்க ஒரே ஒரு போன வச்சு ஆரம்பிங்க, கூகுள் அப்படியே பக்கத்துல ஓடட்டும். ரெஸ்டோர் பண்ணிப் பார்த்து மனசு திருப்தியான பிறகு வீட்டுல மத்தவங்க போன்ல போடுங்க. பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் இருக்கறவங்களுக்கு கேஎல்ல சொந்தக்காரங்க இருந்தா அப்படியே மாத்திப் போட்டுக்கலாம், உங்க பேக்கப் அங்க, அவங்க பேக்கப் இங்க. அண்ணனும் இப்ப அப்படித்தான் கேக்கறாரு, அடுத்த மாசம் அவருக்கும் ஒரு மினி பிசி பாக்க லோ யாட் போறோம்.